பாட்டியின் தட்டில் என்ன இருக்கிறது?

ஸ்பெயின் நாட்டின் கேட்டலோனியாவில், ஓலோட் என்னும் ஊரில் வாழ்ந்த மரியா பிரான்யாஸ் 2024 ஆகஸ்டில் தம் 117-ஆவது வயதில் காலமானார். அப்போது உலகில் இருந்தவர்களிலேயே மூத்தவர் அவர்தான். உயிரோடு இருக்கும்போதே தம் ரத்தம், எச்சில், சிறுநீர், மலம் ஆகியவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். பார்சிலோனாவைச் சேர்ந்த மனேல் எஸ்டெல்லரின் குழு 2025-ல் அந்த ஆய்வை வெளியிட்டது. மரபணு, ரத்தக் கொழுப்பு, நோய் எதிர்ப்பு அணுக்கள் என்று அதில் எத்தனையோ செய்திகள் இருந்தும் ஊடகங்கள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். முதுமையில் குறைந்துபோகும் பைஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா அவரிடம் தாராளமாக இருந்தது; அவர் தினமும் மூன்று வேளை தயிர் சாப்பிட்டு வந்தார். இரண்டையும் சேர்த்து, தயிர்தான் அவரை 117 வயது வரை வாழவைத்தது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரே ஒருவரின் உடலை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தது யார் காதிலும் விழவில்லை. இன்று புதுச்சேரியின் மருந்துக் கடைகளிலும் ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரையாகவும் பாட்டிலாகவும் விற்கிறது. வாங்குவோரில் பலர் அறுபதைக் கடந்தவர்களின் பிள்ளைகள். அவர்களை முன்னிட்டே இந்த விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தயிருக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போட்டது நம் காலத்துக்காரர்கள் இல்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாஃப், பல்கேரியக் கிராமத்தார் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். பெருங்குடலில் நடக்கும் அழுகல் உடலை நஞ்சாக்கி முதுமையைக் கொண்டுவருகிறது, புளிக்கவைக்கும் பாக்டீரியா அதைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றிய வேறொரு பணிக்காக. குடலுக்கும் முதுமைக்கும் தொடர்பு உண்டு என்ற அவருடைய உள்ளுணர்வு சரி என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தொடர்பை ஒரு பாக்டீரியாவிலும் ஒரு உணவிலும் அடக்கிவிடலாம் என்ற அவர் முடிவைத்தான் இன்று ஏற்க முடியவில்லை. நூறு வயதைத் தொட்டவர்களின் குடலில் காணப்படும் பாக்டீரியா, அவர்கள் பல பத்தாண்டுகளாக உண்டு, உழைத்து, மற்றவர்களோடு கூடி வாழ்ந்ததன் விளைச்சல். அதைத் தனியே பிரித்தெடுத்து ஒரு எழுபது வயதுக்காரரின் வயிற்றுக்குள் போட்டால் நூறு வயது வந்துவிடாது. முதியவர்களின் குடல் நலத்தைக் காக்க விரும்பும் ஊர் முதலில் பார்க்க வேண்டியது அவர்கள் சாப்பிடும் தட்டை.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடல் அணுக்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா நமக்குள் இருக்கிறது என்ற பேச்சு இன்னமும் மேடைகளில் கேட்கிறது. 2016-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் திருத்திப் போட்ட கணக்கின்படி ஒரு சராசரி மனிதரிடம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா. உடல் அணுக்களும் ஏறக்குறைய அதே அளவு. பாக்டீரியா எல்லாம் சேர்ந்து எடை கால் கிலோகூட வராது. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்தும் தாய்ப்பாலிலிருந்தும் வந்து சேரும் முதல் கூட்டத்தில் பைஃபிடோபாக்டீரியம் மேலோங்கி நிற்கும். அறுவைச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தைக்கு அது தாமதமாகவே கிடைக்கிறது. புதுச்சேரியில் மூன்றில் ஒரு பிரசவத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சையில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியதால், இது நம் ஊரிலும் யோசிக்கவேண்டிய விஷயம். மூன்று வயதுக்குள் குழந்தையின் குடல் பெரியவர்களுடையதைப் போல மாறத் தொடங்கிவிடுகிறது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் சிறு குழந்தைகள் முதல் பதின்பருவத்தினர் வரை பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, நம் பிள்ளைகளிடமும் வயது ஏற ஏற பைஃபிடோபாக்டீரியம் குறைவதைப் பதிவு செய்தது. நம் மண்ணில் வயதுவாரியாகக் குடலைப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. அதற்குரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை.

நடு வயதில் ஓரளவு நிலையாக இருக்கும் இந்தக் கூட்டம் அறுபது, எழுபதுக்குப் பிறகு மெல்லக் கலைகிறது. ஜப்பானில் பிறந்த குழந்தை முதல் 104 வயதுக்காரர் வரை 367 பேரை ஒரே முறையில் பரிசோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வும், இத்தாலியின் பொலோனியாவில் எலேனா பியாஜி குழுவினர் செய்த ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரேட் என்னும் அமிலத்தைத் தரும் இனங்கள் பல முதியவர்களிடம் குறைகின்றன. சந்தர்ப்பம் கிடைத்தால் தொல்லை தரக்கூடியவை தலைதூக்குகின்றன. இதனால் என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் அணுக்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்ரேட்தான். அந்தச் சுவரின் மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவை உடலுக்குள் விடாமல் நிறுத்திவைப்பது அதன் வேலை. உணவில் நார்ச்சத்து போதாதபோது பசியெடுத்த பாக்டீரியா அந்தப் படலத்தையே அரித்துத் தின்கிறது என்பதை 2016-ல் எலிகளை வைத்து நிரூபித்தார்கள். படலம் மெலிந்தால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. உடல் அவற்றை எதிரியாகக் கருதி, காய்ச்சல்கூட வராத அளவில், ஆனால் ஓயாமல் சண்டை போடுகிறது. இந்த மெல்லிய, நீடித்த அழற்சிதான் முதுமை நோய்கள் பலவற்றுக்கும் அடியில் ஓடுகிறது என்று பொலோனியாவின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வயதானாலும் அந்த அழற்சி கூடவில்லை என்று 2017-ல் கனடாவில் நடந்த ஆய்வு சொன்னது, அவர் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

இதெல்லாம் வயதால் தானாக நேர்வதா, வேறு ஏதாவது காரணமா? இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே தொங்குகிறது. அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் 178 முதியவர்களிடம் இதற்கு விடை தேடி 2012-ல் வெளியிட்டார்கள். சொந்த வீட்டில் இருப்பவர்கள், மருத்துவமனைக்குப் பகலில் வந்துபோகிறவர்கள், சில வாரம் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்கள், முதியோர் இல்லத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் என்று நான்கு வகையினர். எல்லோரும் ஒரே பகுதிக்காரர்கள், எல்லோரும் வயதானவர்கள். வயது ஒன்றே காரணமென்றால் எல்லோருடைய குடலும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. சொந்த வீட்டில் இருந்தவர்களின் குடலில் பலதரப்பட்ட இனங்கள் இருந்தன. இல்லத்தில் நெடுநாள் இருந்தவர்களிடம் அந்த வகை குறுகிப்போயிருந்தது. குறுகியவர்களிடம் உடல் தளர்ச்சியும் அழற்சியும் கூடுதலாக இருந்தன. இல்லத்துக்குப் போனவர்களின் சாப்பாடு ஒரு மாதத்துக்குள் இல்லத்துச் சாப்பாடாக மாறிவிட்டது. அவர்களுடைய பாக்டீரியா அப்படி மாற ஏறக்குறைய ஒரு ஆண்டு பிடித்தது. எது முன்னே, எது பின்னே என்பது அந்த இடைவெளியில் தெரிகிறது. நோய் வந்ததால் பாக்டீரியா மாறியது, அதனால் சாப்பாடு மாறியது என்று தலைகீழாகச் சொல்ல அங்கே இடமே இல்லை.

கார்க் நகரத்துச் செய்தி புதுச்சேரிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். இங்கே முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் தம் வீட்டிலோ பிள்ளை வீட்டிலோதான் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே இல்லத்துச் சாப்பாடு வந்துவிடுகிறது என்பதுதான் கவலை. பல் போன பிறகு ஒரு பாட்டியின் தட்டிலிருந்து என்னென்ன இறங்கிப் போகின்றன என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் நிலக்கடலை, கொய்யா, முறுக்கு. பிறகு முருங்கைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய்ப் பொரியல். அப்புறம் சுண்டல். கடைசியில் நிற்பது ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, காபியில் தோய்த்த பொறை, டீயில் தோய்த்த பிஸ்கட். எல்லாம் வெள்ளை, எல்லாம் குழைவு. நார்ச்சத்து என்று சொல்ல அதில் ஏதுமில்லை. மகன் பாரிஸிலோ சென்னையிலோ இருக்க, முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டி இரண்டு காய் செய்ய மனம் வருவதில்லை. காலையில் வைத்த ரசமே இரவுக்கும் ஆகிறது. பசி குறைந்துவிட்டது என்று அவர்களே சொல்வார்கள். குறைந்திருப்பது பல நேரங்களில் கூட உட்கார்ந்து சாப்பிடும் ஆள்.

அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் சர்க்கரை நோய் மிகுந்த பகுதிகளில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம், புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் அடுத்த இடம். வயதுவந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல்! அவர்களில் பலர் சாப்பிடும் மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாவை வெகுவாக மாற்றும் மருந்து. சர்க்கரை நோயாளியின் குடல் இப்படித்தான் இருக்கும் என்று முன்பு சொல்லப்பட்ட பல அடையாளங்கள் நோயால் வந்தவையல்ல, இந்த மாத்திரையால் வந்தவை என்பது 2015-ல் தெரியவந்தது. இதன் பாதிப்பு பெரும்பாலும் நல்லதே, ஆகவே யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. நம் ஊரில் எல்லோரும் ‘கேஸ் மாத்திரை’ என்று சொல்லும் பேன்டாப்ரசோல் வகையின் கதை வேறு. அது வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியா குடல் வரை இறங்கிவிடுகிறது என்பதை நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 2016-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு ஆண்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொரு சளிக்கும் வாங்கும் ஆன்டிபயாடிக்கைப் பற்றித் தனியே சொல்லவே வேண்டாம்.

சரி, நூறைத் தாண்டியவர்களிடம் என்ன கண்டார்கள்? பொலோனியாவில் 105 முதல் 109 வயது வரை இருந்த 24 பேரிடம் அக்கர்மான்சியா, பைஃபிடோபாக்டீரியம், கிறிஸ்டென்செனெல்லா குடும்பத்து இனங்கள் மற்ற முதியவர்களைவிட அதிகம் என்று 2016-ல் எழுதினார்கள். ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்துக் குழு சராசரி 107 வயதுடைய 160 பேரைப் பரிசோதித்து 2021-ல் வெளியிட்டது இவற்றிலேயே ஆழமானது. பித்த நீரிலிருந்து ஒரு தனிவகை அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா அவர்களிடம் மிகுதி. முதியவர்களைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற கிருமிகளை அந்த அமிலம் கொல்கிறது. எது இருக்கிறது என்ற கணக்கெடுப்போடு நில்லாமல் அது என்ன வேலை செய்கிறது என்றும் காட்டியதால் இந்த ஆய்வை நான் மற்றவற்றுக்கு மேலாக மதிக்கிறேன். இம்பாலில் உள்ள உயிர்வள ஆய்வு நிறுவனத்தாரும் இந்தியாவின் நூறு வயதுக்காரர்களை இளையவர்களோடும், இத்தாலி, ஜப்பான், சீனத் தரவுகளோடும் ஒப்பிட்டு 2019-ல் எழுதினார்கள். ருமினோகாக்கஸ் குடும்பத்து இனங்கள் பலவகையாக இருப்பது எல்லா நாட்டு நூறு வயதுக்காரர்களுக்கும் பொது என்பது அவர்கள் கண்டது.

இதுவரை படித்தால் ஒரு பட்டியல் தயாராவதுபோல் தோன்றும். ஆனால் அடுத்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்தால் பட்டியல் கலைந்துபோகிறது. அமெரிக்காவில் 18 முதல் 101 வயது வரை 9,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆரோக்கியமாக முதுமை அடைகிறவர்களின் குடல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரிந்து போகிறது என்றது. முதுமையிலும் பாக்டீராய்டீஸ் இனம் மிகுந்திருப்பவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்றது. சீனாவின் குவாங்சி பகுதியில் 297 நூறு வயதுக்காரர்கள் உள்பட 1,575 பேரை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டுக் கட்டுரையோ நேர்மாறாக, நூறு வயதுக்காரர்களின் குடல் இளைஞர்களுடையதைப் போலவே இருக்கிறது, அதில் பாக்டீராய்டீஸ் மேலோங்கியிருக்கிறது என்று சொன்னது. ஒரு நாட்டில் ஆபத்தின் அடையாளமாக இருப்பது இன்னொரு நாட்டில் நீண்ட ஆயுளின் அடையாளம். இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். ஒன்று தவறு என்று ஒதுக்க முடியாது. எந்த இனம் நல்லது என்பதை அந்த ஊர் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பதைத்தான் இந்த முரண் காட்டுகிறது.

நம் நாட்டுக்குள்ளேயே இது தெரிகிறது. போபாலிலும் கேரளத்திலும் 110 ஆரோக்கியமானவர்களைப் பரிசோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், தானியமும் பருப்பும் மிகுந்த சைவ உணவு உண்ணும் போபால்காரர்களிடம் பிரிவோடெல்லா என்ற இனம் மேலோங்கியிருந்தது. அரிசியும் மீனும் இறைச்சியும் கலந்து உண்ணும் கேரளத்தில் கூட்டம் வேறாக இருந்தது. புனேயில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு கூட்டுக் குடும்பங்களை 2012-ல் ஆராய்ந்தபோது, வயதோடு குடல் மாறும் திசையே ஐரோப்பாவில் சொன்னதற்கு மாறாக இருந்தது. இரண்டே குடும்பம் என்பதால் அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமுடியாது. ஆனாலும் இத்தாலியரின் பட்டியலைக் கொண்டுவந்து குருசுக்குப்பத்து மீனவப் பெரியவரின் குடலை மதிப்பிடக் கூடாது என்று எச்சரிக்க அது போதும்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. நூறு வயதுக்காரர்கள் என்றாலே தப்பிப் பிழைத்தவர்கள். அவர்களோடு பிறந்து எழுபதில் இறந்தவர்களின் குடல் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை அக்கர்மான்சியா நூறு வயதில்தான் கூடுகிறதோ என்னவோ. ஒருவரையே ஐம்பது ஆண்டு தொடர்ந்து பார்த்தாலன்றி இதைத் தீர்க்க இயலாது. இரண்டாவது ஆட்சேபம் வயதைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூறும் அதற்கு மேலும் வயதுடையவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு, உலகிலேயே நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன ஜப்பானில் 48 ஆயிரத்துக்கும் கீழே. மக்கள்தொகை வித்தியாசத்தைக் கழித்தாலும் இந்தக் கணக்கு நம்பும்படி இல்லை. பிறந்த தேதி எழுதப்படாத தலைமுறையில் வயது என்பது உத்தேசம்தான். எண்பத்தைந்து வயதுக்காரரை நூறு என்று எண்ணி அவர் குடலை ஆராய்ந்தால் ஆய்வின் அடித்தளமே சரிந்துவிடும்.

புதுச்சேரிக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவேட்டில் எழுதும் பழக்கத்தைப் பிரெஞ்சு ஆட்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு கொண்டுவந்துவிட்டது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-ல் நடைமுறைக்கு வந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை நிரூபிக்கப் பல குடும்பங்களுக்கு இந்தப் பதிவேடுகளே ஆதாரமாக இருந்துவருகின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் ‘சொல்தா’ குடும்பங்களில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை முறைப்படி காட்டவேண்டும். உலகில் இதுவரை நிரூபிக்கப்பட்ட நீண்ட ஆயுள் 122 ஆண்டு. அதற்குரியவரான ஜான் கால்மான் பிரான்சின் ஆர்ல் நகரத்தவர். 1875-ல் பிறந்து 1997-ல் இறந்த அவருடைய வயதை உலகம் ஏற்றதும் இதே மாதிரியான பதிவேடுகளின் பலத்தில்தான். இன்று தொண்ணூற்றைந்தைத் தாண்டிய புதுச்சேரிக்காரர் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். அவர் வயதைக் காகிதத்தில் சரிபார்க்க முடிகிற வாய்ப்பு இந்தியாவின் வேறு பகுதிகளைவிட இங்கே கூடுதல். 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் இதே ஊரில் இருக்கிறது. வயதைச் சரிபார்த்து, நம் உணவை வைத்து, நம் முதியவர்களின் குடலை ஆராயும் பணிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

பாக்டீரியாதான் காரணம் என்பதற்கு விலங்குச் சான்று இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2017-ல் ஆப்பிரிக்கக் குட்டை மீன் ஒன்றில், நடுவயது மீனின் குடலுக்கு இளம் மீனின் பாக்டீரியாவை மாற்றியபோது அது கூடுதல் நாள் வாழ்ந்தது. விரைவில் மூப்படையும் நோயுள்ள எலிகளிலும் 2019-ல் அதே மாதிரி நடந்தது. பாக்டீரியா வெறும் சாட்சியாக மட்டும் நிற்கவில்லை, அதற்கும் பங்கு உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மீனுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் துப்புரவாக்கிய பிறகே புதுக் கூட்டத்தை விட்டார்கள். ஒரு முழுக் கூட்டத்தை விட்டார்கள், ஒன்றிரண்டு இனங்களை அல்ல. கடையில் விற்கும் பாட்டிலுக்கு அந்தச் சான்று உதவாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, புரோபயாட்டிக் எனப்படும் இந்த ‘நல்ல பாக்டீரியா’வைக் கொடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு இஸ்ரேலிய ஆய்வில், அவர்களுடைய சொந்தப் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமாயிற்று. வயலில் வேறு பயிர் நின்றால் விதைத்தது முளைக்க இடமிருக்காது. எல்லாம் மரபணுதானே என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு: கிறிஸ்டென்செனெல்லா போன்ற சில இனங்களுக்குப் பரம்பரைத் தொடர்பு இருக்கிறது, ஆயினும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒருவரின் குடல் கூட்டத்தை முடிவுசெய்வதில் சூழலும் உணவும்தான் பெரும்பங்கு என்று காட்டியது.

அப்படியானால் தாத்தா காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதுமா? இந்த வாதம் நம்மவர்களுக்கு இனிக்கும். பாதி உண்மையும் அதில் இருக்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து முன்சொன்ன பியூட்ரேட் போன்ற அமிலங்களைத் தருகிறது. அந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் பெருங்குடல் உறிஞ்ச உதவுகின்றன என்ற அறிவை வைத்துத்தான் வேலூர் சி.எம்.சி.யில் காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசலோடு செரிக்காத மாவைச் சேர்த்துக் கொடுத்து, வயிற்றுப்போக்கு குறைவதை 2000-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றைக் குடல் நோய்க்குப் பயன்படுத்தும் ஆய்வும் தொடங்கப்பட்டது. ஆனால் பழைய சோறு என்றாலும் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசிச் சோறுதான்; சர்க்கரை நோயாளிக்கு அது அளவோடுதான். கூடவே தொட்டுக்கொள்ளும் கருவாடும் ஊறுகாயும் ரத்தக்கொதிப்புக்காரருக்கு ஆகாது. தாத்தா காலத்தில் நூற்றில் எத்தனை பேர் அறுபதைப் பார்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைய தட்டிலிருந்து நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியது அதன் பலவகைத் தன்மை: கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, வாழைப்பூ, தண்டு.

தட்டை மாற்றினால் குடல் மாறுமா, அதுவும் எழுபது வயதில்? மாறும் என்று ஐரோப்பாவில் நிரூபித்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி, போலந்து ஆகிய ஐந்து நாடுகளில் 65 முதல் 79 வயதான 612 பேரில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டு காய், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக் கடல் பகுதி உணவைக் கொடுத்தார்கள். அதை நன்றாகக் கடைப்பிடித்தவர்களிடம் பியூட்ரேட் தரும் இனங்கள் கூடின, அழற்சி குறைந்தது, உடல் தளர்ச்சியும் குறைந்தது. 2020-ல் வெளியான இந்த ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவர் தாரிணி சங்கர் கோஷ் என்ற இந்தியர். ஆலிவ் எண்ணெய் நமக்கு எதற்கு? கடலும் மீனும் கீரையும் பயறும் இங்கேயே இருக்கின்றன. பல் இல்லாதவருக்கு அதைக் கொடுக்கும் வழியும் நம் அடுக்களையில் இருக்கிறது. கீரையை மத்தால் கடைந்தால் நார்ச்சத்து எங்கும் போய்விடுவதில்லை. மென்று தின்ன வேண்டியதில்லை, அவ்வளவுதான். சுண்டலை வேகவைத்து மசிக்கலாம், வாழைப்பூவைப் பருப்போடு அரைத்துக் கூட்டாக்கலாம், முருங்கைக்கீரையை அடை மாவில் சேர்க்கலாம். பழக்கமில்லாதவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரும் கூடவே கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், உடனே ‘கேஸ் மாத்திரை’ தேடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயறையும் கீரையையும் கூட்டக் கூடாது.

அரசின் பங்கும் இதில் உண்டு. புதுச்சேரியில் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024-ல் தீபாவளியை ஒட்டித் திறந்தபோது கொடுக்கப்பட்டவை அரிசியும் சர்க்கரையும். நாட்டிலேயே சர்க்கரை நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்று, தன் முதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தேர்ந்தெடுத்தது அவை இரண்டை! அந்தச் சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ பச்சைப்பயறோ கேழ்வரகோ கொடுப்பது நிதிக்குப் பெரிய சுமையாக இருக்காது. முதியோர் இல்லங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது கட்டடத்தையும் கழிவறையையும் பார்க்கிறார்கள். வாரத்தில் எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் பயறு என்று உணவு அட்டவணையையும் கேட்க வேண்டும். பல் செட் கட்டும் செலவை முதியோர் நலத் திட்டத்தில் சேர்த்தால், எந்த புரோபயாட்டிக்கைவிடவும் அது குடலுக்கு நல்லது செய்யும் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வையும் உடனே தொடங்கலாம். எழுபது வயதில் சில நூறு பேரைத் தேர்ந்து ஆண்டுதோறும் தொடர்ந்தால், தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் பார்த்த குறை நீங்கும். ஆய்வுப் படிவத்தில் மல மாதிரியோடு சேர்த்து எழுத வேண்டியவை பல. பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி, வாயில் எத்தனை பல், எந்த மாத்திரை எத்தனை மாதமாக, கடந்த ஓராண்டில் எத்தனை முறை ஆன்டிபயாடிக், வாரத்தில் எத்தனை வகைக் காய், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரையும் சாப்பிடாதவரையும் தனித்தனியே பிரிக்காவிட்டால் பலரின் தரவு வீணாகும். குப்பத்து மீனவர், பாகூர்ப் பக்கத்து விவசாயி, மில் வேலை செய்து ஓய்ந்த தொழிலாளி, நகரத்து ஓய்வூதியக்காரர் என்று எல்லாத் தரப்பும் அதில் இடம்பெற வேண்டும்.